பரணில் கிடைத்த துப்பாக்கி: துருவைத் தொடும் முன் ரசீது வாங்குங்கள்

கேள்வி: காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துப் பழைய ஓட்டு வீட்டைப் போன வாரம் பிரித்தோம். பரணில் சாக்கில் சுற்றி இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று குழல்வாய் வழியாக வெடிமருந்தைக் கிட்டிக்கும் (குத்தி இறுக்கும்) ஒற்றைக்குழல், அதன் குதிரை, அதாவது விசையை இழுத்தால் அடிக்கும் சுத்தி, உடைந்திருக்கிறது. மற்றது பின்பக்கம் மடியும் இரட்டைக்குழல், 'டபிள்யூ. டபிள்யூ. கிரீனர், பர்மிங்காம்' என்று எழுத்து தெரிகிறது. அப்பாரு (தாத்தா) பெயரில் 1958ஆம் வருட லைசென்ஸ் புத்தகம் ஒன்றும் அதே சாக்கில் கிடந்தது. அவர் 1987இல் காலமாகிவிட்டார். ஒற்றைக்குழல் தீரன் சின்னமலை படையில் இருந்தது என்று ஆத்தா சொல்வார். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துக் குதிரையைச் சரிசெய்து, துருவெடுத்துக் கூடத்தில் மாட்ட ஆசை. இந்த மாதிரிப் பழைய துப்பாக்கிகளைத் தேடிச் சேர்க்கவும் ஆசை வந்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: லேத் பட்டறையில் ஆரம்பிக்காதீர்கள். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அச்சு அசலாகக் கடைந்து தரும் கைகள் உண்டு. சிக்கலே அந்த வசதியில்தான் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதை மட்டும் தடுக்கவில்லை. உரிமம் இல்லாமல் பழுது பார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறினால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். ஐநூறு ரூபாய்க்குக் குதிரை கடைந்து கொடுத்த பட்டறைக்காரரும் உங்களோடு கூண்டில் நிற்க வேண்டிவரும். 'இனிமேல் சுடவே முடியாதபடி குழலில் ஓட்டை போட்டுவிடுகிறேன்' என்று யாராவது உதவிக்கு வந்தாலும் வேண்டாம். அதுவும் அனுமதியில்லாத மாற்றம்தான். போதாததற்கு, பழம்பொருளின் மதிப்பும் அந்த ஓட்டை வழியே போய்விடும்.

இப்போதைக்கு இரண்டையும் குண்டு ஏற்றியவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதில் மிகைப்படுத்தல் ஏதும் இல்லை. காட்டுப்பன்றிக்கும் நரிக்கும் காவல் இருந்த தோட்டத்து வீடுகளில் வாய்வழித் துப்பாக்கியை மருந்தும் ரவையும் கிட்டித்தபடியே மாட்டி வைப்பது வழக்கம். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல பத்து வருடம் கழித்தும் வீரியத்தோடு இருக்கும். ஒரு பொறி போதும். துப்பாக்கி கையாளத் தெரிந்தவர்கள் இதை ஒரு மரக்குச்சியால் சோதிப்பார்கள். வாயிலிருந்து உள்ளே போகும் வரை குச்சியை விட்டு, வாய் விளிம்பு படும் இடத்தில் குறி போட்டு, வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் அதே அளவுக்கு வைத்துப் பார்ப்பார்கள். குச்சியின் நுனி, கேப் (குதிரை தட்டினால் பொறி தரும் சிறு செப்புக் குப்பி) வைக்கும் முளைக்கு ஓரிரு அங்குலம் முன்னதாகவே நின்றால் உள்ளே ஏதோ அடைபட்டிருக்கிறது. குளவிக் கூடாகவும் இருக்கலாம், நாற்பது வருட மருந்தாகவும் இருக்கலாம். அதை நோண்டி எடுக்கும் வேலை உரிமம் பெற்ற துப்பாக்கி வினைஞருடையது. இரும்புக் கம்பியை உள்ளே விடாதீர்கள். உரசலில் பொறி வரும். இரட்டைக்குழலின் மேல்நெம்பு துருவில் இறுகியிருந்தால் சுத்தியால் தட்டித் திறக்கப் பார்க்காதீர்கள். குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறைக்குள் பழைய தோட்டா இருக்கக்கூடும்.

அடுத்தது சட்டம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019க்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறையும் அபராதமும். இதில் நீதிமன்றங்கள் முதலில் பார்ப்பது, அந்தப் பொருள் தன்னிடம் இருப்பது அந்த ஆளுக்குத் தெரியுமா என்பதை. பரணில் கிடந்தது தெரியாதவரை உங்கள் நிலை வேறு. வீடு பிரித்த அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது. ஆகவே ஆயுத பூஜை முடியட்டும், தம்பி வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

21ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. அதற்காகத் துப்பாக்கியை வண்டியில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடக் கூடாது. வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தினால் நீங்கள் சொல்லும் கதையை யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு போய் ஆய்வாளரைப் பாருங்கள். என்றைக்கு, எங்கே, எப்படிக் கிடைத்தது, வீடு பிரித்த ஆட்கள் யார் யார், பழைய லைசென்ஸ் எண் என்ன, உள்ளே மருந்து இருக்கலாம் என்ற எச்சரிக்கை, இவ்வளவையும் எழுதிய மனு இரண்டு பிரதி இருக்கட்டும். ஒன்றைக் கொடுத்து, மனு பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும், அல்லது கொண்டுவரச் சொல்லி எழுத்தில் தரட்டும்.

ஒப்படைப்பு ரசீதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'பழைய துப்பாக்கி இரண்டு' என்று எழுதிய ரசீதால் ஒரு பிரயோசனமும் இல்லை. தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், குழல் நீளம், குதிரை உடைந்த நிலை, கட்டையில் உள்ள விரிசல் வரை அதில் ஏறியிருக்க வேண்டும். நாளை திரும்பப் பெறும்போது அதே பொருள்தானா என்று காட்ட வேறு சாட்சி கிடையாது. ஒப்படைக்கும் முன் கிடந்த இடத்திலேயே கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். வாரிசுகள் குறித்த காலத்துக்குள் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். காலம் கடந்தால் மாவட்ட நிர்வாகம் நோட்டீஸ் கொடுத்து அரசுடைமையாக்கிவிடும். எனவே ரசீது வாங்கியதும் தூங்கிவிடாமல் விண்ணப்பம் போடுங்கள்.

விண்ணப்பம் திருப்பூர் மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையரிடம், காங்கயம் போன்ற ஊர்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அப்பாருவின் லைசென்ஸ் புத்தகம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று ஆகியவை வேண்டும். இவற்றை எல்லாம் விட இழுத்தடிப்பது மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம்தான். அத்தைமார் கையெழுத்தும் வேண்டும். பூமிப் பாகத்தில் மனத்தாங்கல் உள்ள குடும்பம் என்றால் முதலில் அதைப் பேசி முடியுங்கள். ஒருவர் உரிமத்தில் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இப்போது வழங்கும் உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். எல்லா உரிமமும் தேசியத் தரவுத்தளத்தில் ஏறி யூ.ஐ.என். என்ற தனி அடையாள எண் பெற்றிருக்க வேண்டும். 1958ஆம் வருடப் புத்தகம் இதற்கெல்லாம் முந்தியது. அதை வைத்து உரிமை கொண்டாட முடியாது, ஆனால் துப்பாக்கி முறையாக வாங்கியது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது. லேமினேட் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள்.

'ஐயா, இது பழம்பொருள்தானே, இதற்கு எதற்கு லைசென்ஸ்?' என்று அடுத்துக் கேட்பீர்கள். 45ஆம் பிரிவு பழைய மாதிரி, பழம்பொருள் மதிப்புடையது, பழுதானது ஆகியவற்றுக்கு விலக்கு தருகிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். குதிரை உடைந்தது இதில் சேராது. அதை மாற்றினால் சுடும். நீங்களே பட்டறைக்குக் கொடுக்கத்தானே யோசித்தீர்கள்? 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி, 'கியூரியோ' வகைச் சிறு ஆயுதங்களை உரிமமின்றி வைத்திருக்க வழி செய்தது. அதிலும் சுடுவதற்கும் வெளியே எடுத்துச் செல்வதற்கும் உரிமம் வேண்டும், தோட்டா வாங்க முடியாது. உங்கள் பொருள் அந்த வகைதான் என்று நீங்களோ விற்பவரோ தீர்மானித்துக்கொள்ளக் கூடாது. உரிமம் வழங்கும் அதிகாரியிடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை சாதாரணத் துப்பாக்கியாகவே நடத்துங்கள்.

இனி உங்களுக்குப் பிடித்த பகுதிக்கு வருவோம்.

ஆத்தா சொன்ன கதையைச் சோதித்துப் பார்க்கலாம். கொங்கு நாட்டில் எந்தப் பழைய துப்பாக்கியைக் கேட்டாலும் ஒன்று சின்னமலை படையுடையது, இல்லையென்றால் திப்புவினுடையது. தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 1805இல். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல் இருக்கும். கல் இரும்பில் உரசி, பக்கத்துக் கிண்ணத்து மருந்தில் பொறி விழும். திரி வைத்துப் பற்றவைப்பது அதைவிடப் பழைய முறை. தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் காப்புரிமையை அலெக்சாண்டர் ஃபோர்சித் பெற்றதே 1807இல்தான். செப்புக் கேப் பரவியது 1820களில். உங்கள் துப்பாக்கியில் கேப் வைக்கும் முளை இருந்தால் அது இன்றிருக்கும் வடிவில் சின்னமலை காலத்தது அல்ல.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கல் துப்பாக்கிகளைப் பிற்பாடு கேப் முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். குதிரை இருக்கும் பூட்டுத் தகட்டை டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். பழைய கிண்ணமும் அதன் வில்லும் இருந்த இடத்தில் திருகுத் துளைகளை அடைத்த வட்டத் தடயங்கள் தெரியும். அடைப்பு இரும்பு வேறு நிறத்தில் துருப்பிடித்திருக்கும். அப்படித் தெரிந்தால் கதைக்கு ஒரு சதவீத உயிராவது இருக்கிறது. தகடு வழுவழுப்பாக, துளையே இல்லாமல் இருந்தால் அது பிறந்ததே கேப் துப்பாக்கியாக. கும்பினி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி துப்பாக்கிகளின் தகட்டில் இதய வடிவக் கட்டத்துக்குள் எழுத்துகளும் வருடமும் இருக்கும். ஏறத்தாழ 1808க்குப் பிறகு அந்த இடத்தில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் வருகிறது. அந்தப் படைத் துப்பாக்கியின் குழல் வாய் முக்கால் அங்குலம், நீளம் 39 அங்குலம்.

பெரும்பாலும் இதுபோன்ற ஒற்றைக்குழல்கள் பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கிய துப்பாக்கிகளாகவே இருக்கும். கேப் முறை உலகம் முழுவதும் வழக்கொழிந்த பிறகும் நம் நாட்டில் இருபதாம் நூற்றாண்டிலும் இவற்றைச் செய்துகொண்டிருந்தார்கள். எனவே கேப் இருப்பதை வைத்து வயது சொல்ல முடியாது. குழலில் சோதனை முத்திரை எதுவும் இல்லாமல், உள்சுவரில் நீளவாட்டில் பற்றவைப்புக் கோடு ஓடினால் அது குழாயிலோ வண்டியின் ஸ்டீயரிங் கம்பியிலோ செய்த நாட்டுத் துப்பாக்கி. அதை ஒப்படைத்து மறந்துவிடுங்கள்.

இரட்டைக்குழல்தான் உங்களிடம் உள்ள நல்ல பொருள். ஆனால் மேலே எழுதியிருக்கும் பெயரை நம்பி மகிழ்ந்துவிடாதீர்கள். கிரீனர், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், மேன்டன் போன்ற பெயர்களுக்கு இருந்த மவுசைப் பார்த்து, பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலிருந்து 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்பது போலக் காதில் ஒரே மாதிரி விழும் பெயர் வெட்டிய மலிவுத் துப்பாக்கிகள் ஏராளமாக ஏற்றுமதியாயின. முன்னெழுத்து ஒன்றா இரண்டா என்பதைக்கூட எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இரு குழலுக்கும் நடுவே மேலே ஓடும் மேல்பட்டையில் இருப்பது சில சமயம் விற்ற கடையின் பெயர். கல்கத்தா, சென்னைக் கடைகள் இங்கிலாந்தில் செய்து வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டன.

பொய் சொல்லாதது குழல்களின் அடியில் உள்ள தட்டையான பரப்பு. முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தால்தான் அது தெரியும் என்பதால், உரிமம் வந்த பிறகு அல்லது உரிமக் கடைக்காரர் கையால் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்து இருந்தால் லியேஜ். அந்த வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893க்குப் பிந்தையது. பர்மிங்காம் சோதனை நிலையம் 1813இல் தொடங்கியது. குறுக்கே வைத்த இரு செங்கோல், கிரீடம், நடுவில் பி.பி.சி. எழுத்து என்றால் 1904க்கு முந்தைய பர்மிங்காம். கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்றால் 1904 முதல் 1954 வரை. இதில் என்.பி. என்பது புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்பதற்கு அடையாளம். வைரக் கட்டத்துக்குள் 12ம் சி எழுத்தும் இருந்தால் 1887க்குப் பிந்தைய பன்னிரண்டு போர் (bore, குழல் விட்டத்தின் அளவு). அழுத்தம் டன் கணக்கில் இருந்தால் 1954க்குப் பிந்தையது. இப்படி நான்கைந்து குறிகளைச் சேர்த்துப் படித்தால் வயது ஒரு முப்பது நாற்பது வருட இடைவெளிக்குள் வந்து நின்றுவிடும். பிறகு வரிசை எண். குழல், முன்கட்டை, விசைக்காப்பு மூன்றிலும் ஒரே எண் இருந்தால் பாகம் மாற்றாத அசல். இங்கிலாந்தின் பழைய கம்பெனிகள் சில தங்கள் பேரேடுகளை இன்றும் வைத்திருக்கின்றன. கட்டணம் கட்டி எண்ணைக் கொடுத்தால் எந்த வருடம், யாருக்கு விற்றது என்ற தகவல் வரும்.

குழல் முழுவதும் மயிரிழை வளையங்களாகச் சுருள் சுருளாக வரி ஓடுகிறதா? அது இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல். கரிமருந்துக் காலத்தது, இன்றைய தோட்டாவைப் போட்டால் கிழிந்து விரலைக் கொண்டுபோகும். உரிமம் வந்தாலும் இதைச் சுட வேண்டாம். பழைய பன்னிரண்டு போர் அறைகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே நுழைந்துவிடும், ஆனால் வெடித்து விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும். நுழைகிறதே என்று நம்பியவர்களுக்குத்தான் விபத்து.

துருவைப் பற்றி. உப்புத்தாள், புளி, எலுமிச்சை, பித்தளைப் பாலிஷ், ஆசிட் எதுவும் கூடாது. பாத்திரத்துக்குச் செய்வதை இதற்குச் செய்தால் முத்திரைகளின் விளிம்பு மழுங்கி, மேலே சொன்ன ஆராய்ச்சி எதற்கும் வழியில்லாமல் போகும். கரும்பழுப்பில் இறுகிக் கிடப்பது பழமையின் தோல், அதை விட்டுவிட வேண்டும். தொட்டால் விரலில் செம்பொடியாக ஒட்டுவதுதான் உயிருள்ள துரு. உரிமத்தோடு கைக்கு வந்த பிறகு, தையல் மெஷின் எண்ணெயைப் பருத்தித் துணியில் நனைத்துத் தடவி ஒரு நாள் ஊறவிட்டுத் துடையுங்கள். அடங்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள், பொறுமைதான் கருவி. பிடிவாதமான இடத்துக்கு மட்டும் மிக மெல்லிய வெண்கல இழைப் பஞ்சு. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் பிசினாகி விசைக்குள் ஒட்டிக்கொள்ளும். முடிவில் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசித் தேய்த்துவிடுங்கள். வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பில் ரேகை அப்படியே துருவாகும், கையுறை போடுங்கள். கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம்.

தோலுறையிலோ சாக்கிலோ வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தை இழுக்கும். குழல்வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் எண்ணெய் இறங்கிக் கட்டையின் கழுத்தை ஊறவைத்து இற்றுப்போகச் செய்யும். படுக்கை வாட்டில், பூட்டுள்ள இரும்புப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் பொட்டலத்தை மாற்றுங்கள். கூடத்தில் மாட்டுவதை மறந்துவிடுங்கள், பாதுகாப்பாகப் பூட்டி வைப்பது உரிமத்தோடு வரும் கடமை. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் குழலில் வைக்கும் பழக்கம் இருந்தால் பெட்டிக்கு வையுங்கள். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் வட்டமாகக் குழி விழுந்த குழல்களை இந்தப் பக்கம் நிறையவே பார்க்கலாம்.

சேகரிப்பு ஆசைக்கு வருகிறேன். இரண்டு துப்பாக்கியோடு உங்கள் கணக்கு முடிந்துவிட்டது. அதனால் என் யோசனை, இரும்பை விட்டுவிட்டுக் காகிதத்தைச் சேருங்கள். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்த காலம் தொட்டு நம் ஊர்ப் பட்டக்காரர், மிட்டாதார், பண்ணையக்காரர் வீடுகளில் குவிந்த லைசென்ஸ் தாள்கள், கடை ரசீதுகள், விலைப்பட்டியல்கள், தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த சீட்டுகள் எல்லாம் பழைய பேப்பர்க்காரரிடம் கிலோக்கணக்கில் போகின்றன. எந்த ஊரில் யாரிடம் என்ன துப்பாக்கி, எதற்காகக் கொடுத்தார்கள் என்பதை அவை சொல்லும். உரிமம் கேட்க மாட்டா. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அடையாளச் சான்றோடு விண்ணப்பித்துக் கோயம்புத்தூர், சேலம் மாவட்டப் பழைய கோப்புகளைப் பார்க்கலாம். பொருளைக் கண்ணால் பார்த்துப் பழக எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் உண்டு. பக்கத்தில் என்றால் கோவை ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் உள்ள காவல் அருங்காட்சியகம்.

காலித் தோட்டாவைச் சேர்ப்பதில் மட்டும் எச்சரிக்கை. தோட்டாவின் பாகங்களும் சட்டத்தின் இலக்கணத்துக்குள் வருகின்றன. மருந்துக் கொம்பு கிடைத்தால் எருமைக் கொம்பா, காட்டெருமையா, கடமான் கொம்பா என்று பாருங்கள். பின்னிரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிவிடும். சந்தையிலும் முகநூலிலும் லண்டன் டவர் ஆயுதக் கிடங்கின் முத்திரையான 'டவர்' என்று பொறித்து விற்கும் துப்பாக்கிகளில் பெரும்பகுதி அலங்காரத்துக்குச் செய்த புதுச்சரக்கு. எழுத்து கையால் வெட்டியதாக இல்லாமல் அச்சால் அடித்ததாக, குழி எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் ஆசிட் தின்றதாக இருக்கும். பித்தளையும் மஞ்சள் மாறாது பளிச்சென்றிருக்கும். அசலாக இருந்தாலோ விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே குற்றவாளி. இரண்டில் எதுவானாலும் உங்களுக்கு லாபமில்லை. நூறு வருடம் தாண்டிய பொருளை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்புவதும் தொல்பொருள் சட்டப்படி தடை.

ஒப்படைப்பு ரசீது கைக்கு வந்த பிறகு, பூட்டுத் தகட்டின் படத்தையும் மேல்பட்டை எழுத்தின் படத்தையும் அனுப்புங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து சாய்வாக விழட்டும், பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும், வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிடுங்கள். அந்தத் திருகுத் துளைகள் அடைத்தவையா இல்லையா என்பதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.